புக்ஸ்டார்ட்

புக்ஸ்டார்ட்: கைக்குழந்தை உள்ள குடும்பங்களுக்கு இலவசமாகப் புத்தகங்கள் வழங்கி, வீட்டில் சேர்ந்து வாசிக்கும் பழக்கத்தை வளர்க்கும் பிரிட்டானியத் திட்டம். குடும்ப வாசிப்புத் திட்டங்களில் முன்னோடியான இதை நடத்துவது புக் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை.

1992இல் பர்மிங்காம் நகரில், சிறார் நூல் வல்லுநர் வெண்டி கூலிங்கின் முயற்சியால், சுமார் 300 குடும்பங்களுடன் தொடங்கியது. நகர நூலகங்களும் சுகாதாரத் துறையும் பங்கேற்றன. ஒன்பதாம் மாதப் பரிசோதனையின்போது சுகாதாரப் பணியாளர் புத்தகப் பையைப் பெற்றோரிடம் தந்தார். நூலகத்துக்கு வராத குடும்பங்களையும் எட்டியதற்கு இந்த ஏற்பாடே முதன்மைக் காரணம். எழுத்துக் கற்பித்தல் இதன் நோக்கமன்று. மடியில் அமர்த்திப் படம் காட்டுதல், பாட்டு, கதை ஆகியவையே அடிப்படை.

பாரி வேட், மேகி மூர் ஆகியோரின் ஆய்வு, திட்டத்தில் சேர்ந்த குழந்தைகள் பள்ளியில் சேர்ந்தபோது மொழியில் மட்டுமன்றிக் கணக்கிலும் முன்னிலையில் இருந்ததாகக் கண்டது. எனினும் ஆராயப்பட்டோர் தொகை சிறிது. 1999இல் செயின்ஸ்பரீஸ் நிறுவனத்தின் நிதியுதவியால் திட்டம் நாடெங்கும் பரவியது. பின்னர் அரசு நிதி கிடைத்தது. 2010 டிசம்பரில் இங்கிலாந்துக்கான நிதியை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. பிலிப் புல்மன் முதலிய எழுத்தாளர்கள் எதிர்க்கவே, சில நாள்களில் முடிவு மாறியது. ஆனால் தொகை குறைந்தது.

ஜப்பானில் இத்திட்டம் 2000இல் டோக்கியோவின் சுகினாமி பகுதியில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 2001 முதல் உள்ளாட்சிகள் வழியே நடைபெறுகிறது.