சோடாபுட்டிக் கண்ணாடியின் காலம்

எழுபதைத் தாண்டியவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி நினைவிருக்கும். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட தாத்தா பாட்டிகளின் மூக்கில் கனமாக உட்கார்ந்திருக்கும். அதற்குப் பின்னால் அவர்களுடைய விழிகள் பெரிது பெரிதாகத் தெரியும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. போட்டிருந்தவர்கள் பட்ட பாடு வேறு.

நம் கண்ணுக்குள் இயற்கையாகவே ஒரு லென்ஸ் இருக்கிறது. அது மங்கிப்போவதுதான் புரை. 1980கள் வரை நம் ஊர்களில் பெரும்பாலும் அந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் வேறொன்றும் வைக்கமாட்டார்கள். திரை விலகி வெளிச்சம் வரும், தெளிவு வராது. எதிரில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது.

போன லென்ஸின் வேலையைச் செய்யத்தான் அந்தத் தடித்த கண்ணாடி. பவர் ப்ளஸ் 10 அளவில் இருக்கும். அதன் வழியே பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். படி இருப்பது ஓரிடம், கால் போவது வேறிடம். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிக் கொஞ்ச தூரம் எதுவுமே தெரியாது. பக்கவாட்டில் வரும் சைக்கிள் திடீரென்று முளைத்தது போல முன்னே நிற்கும். எழுத்துப் படிக்க வேறு பவர் வேண்டும்.

ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் செய்தால் இன்னொரு தொல்லை. இரண்டு கண்ணும் இரண்டு அளவில் காட்டும் உருவங்கள் ஒன்று சேராது. "புரை முற்றட்டும், பிறகு வாருங்கள்" என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை, கண்ணாடி உடைந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான். முகாமில் இலவசமாகக் கிடைத்த கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால், கிராமத்து ஏழைக்குப் பார்வையும் அதோடு போயிற்று.

இதற்கு வழி கண்டவர் லண்டன் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள் தெறித்துப் புகுந்தன. அவற்றில் சில உள்ளேயே தங்கியும் கண்ணுக்குக் கேடு செய்யவில்லை என்பதைக் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பரில் ஒருவருடைய கண்ணுக்குள் வைத்தார். சக டாக்டர்கள் பல வருஷம் அவரை எதிர்த்தார்கள். பின்னாளில் அவர் கண்களிலும் அப்படிப்பட்ட லென்ஸே வைக்கப்பட்டது. 2000இல் சர் பட்டமும் வந்தது.

ஆனால் வெளிநாட்டு லென்ஸின் விலை நம் ஏழைகளுக்கு எட்டவில்லை. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு அதை ஆரம்பித்தார். அந்த மருத்துவமனையின் சார்பில் 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி, லென்ஸைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கினார்கள். அதன் பிறகு அது முகாமுக்கு வரும் ஏழைக்கும் கிடைத்தது.

இன்று காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு என்று ஆகிவிட்டது. லென்ஸ் வைக்காமல் அந்தக் காலத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இன்னும் அந்தக் கண்ணாடியோடு இருக்கிறாரா? ஒரு முறை கண் டாக்டரிடம் அழைத்துப் போய்க் காட்டுங்கள். கண்ணின் நிலைமை இடம் கொடுத்தால், இத்தனை வருஷம் கழித்தும் லென்ஸ் பொருத்த முடியும்.