மெழுகில் மறைந்த வெப்பம்

ஆய்வுகூடத்தில் உருகிய மெழுகைக் குளிரவிட்டு, நிமிடந்தோறும் வெப்பமானியை நோக்கிக் குறிப்பெடுத்த மாணவர் ஒரு புதுமையைக் கண்டிருப்பர். இறங்கி வந்த வெப்பநிலை ஓரிடத்தில் ஏறத்தாழ நின்றுவிடுகின்றது. மெழுகு உறைந்து முடிந்த பின்னரே மீண்டும் விரைந்து இறங்குகின்றது. இந்நிற்றலின் பொருளை உணர்த்தியவர் கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோசப் பிளாக் ஆவர்.

பனிக்கட்டியையும் அதன் குளிர்ச்சியை ஒத்த நீரையும் அவர் ஒரே மண்டபத்தில் வைத்தார். நீர் அரை மணியில் அடைந்த வெப்பநிலையைப் பனிக்கட்டி அடையப் பத்தரை மணி சென்றது. உருகுதற்கே செலவாகி வெப்பமானிக்குப் புலனாகாத அவ்வெப்பத்தை அவர் மறைவெப்பம் என்றார். 1762இல் இக்கொள்கையை அறிஞரவையில் எடுத்துரைத்தார்.

உருகும்போது மறைந்த வெப்பம் உறையும்போது மீளுமாயின், அதனைச் சேமிக்கலாமன்றோ? 1948இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துத் தோவரில் மரியா தெல்கெஸ் அம்மையார் இம்முயற்சியிற் புகுந்தார். எலினோர் றேமண்ட் வடிவமைத்த வீடொன்றை ஞாயிற்றின் வெப்பத்தாற் சூடாக்க ஏறத்தாழ 21 தொன் குளோபர் உப்பு வைக்கப்பட்டது. அவ்வுப்பு 32 பாகை செல்சியஸ் அளவில் உருகிக் கிராமுக்கு ஏறத்தாழ 60 கலோரி கொள்ளும்; பரபின் மெழுகோ 50 கலோரி அளவே கொள்ளும். எண்ணை மட்டும் நோக்கின் உப்பே சிறந்தது. எனினும், உருகுந்தோறும் உப்பின் ஒரு பகுதி பிரிந்து அடியிற் படிந்தது. குளிர்ந்தபோது அது முழுவதும் நீரோடு மீளச் சேரவில்லை. மூன்றாம் மாரியில் அவ்வமைப்புப் பயனிழந்தது.

பரபினை 1830இற் கண்டறிந்தவர் கார்ல் வொன் றைகன்பாக். பிறபொருள்களோடு எளிதிற் கூடாமையால், 'உறவு குறைந்தது' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களால் அதற்குப் பெயரமைந்தது. அக்குணமே பின்னர் உதவிற்று. பன்முறை உருகி உறைந்தும் மெழுகு உப்பைப்போற் பிரிந்து கெடுவதில்லை. 1971இல் அப்பொலோ 15 பயணத்தில், திங்களில் ஓடிய ஊர்தியின் மின்கருவிகள் வெளியிட்ட வெப்பத்தை உருகி ஏற்றதும் மெழுகே.

மெழுகிற்கும் குறையுண்டு. அதன் வெப்பக் கடத்துதிறன் நீரினதில் மூன்றிலொரு பங்களவே. கலத்தின் சுவரில் முதலில் உறையும் படை, உள்ளிருக்கும் வெப்பம் வெளிவருவதைத் தடுக்கின்றது. ஆதலின் உலோகத் தகடுகளை இடையிட்டு அதற்கு வழி செய்கின்றனர்.

மிகுதியாகக் கொள்ளுதல் ஒன்று. கொண்டதைக் குறையாது பன்முறை மீளத் தருதல் மற்றொன்று. பின்னதையும் சோதித்தே ஒரு பொருளை மதித்தல் வேண்டும் என்பதே தோவர் வீடு கற்பித்த பாடம். மாணவர் தம் வரைபடத்தில் வரையும் அச்சிறு கிடைகோட்டினுள் இவ்வரலாறு முழுவதும் அடங்கியிருக்கின்றது.