எந்த ஆறுன்னு தெரியுமா?

சின்சினாட்டி வந்த புதுசுல நான் கத்துக்கிட்ட ஆங்கிலச் சொலவடை 'சோல்ட் மீ டவுன் தி ரிவர்'. கூட இருந்தே கழுத்தறுத்தவனைச் சொல்றது. நம்மூர் 'நட்டாத்துல விட்டுட்டான்' மாதிரிதான் போலன்னு நானே முடிவு பண்ணி, எடுத்ததுக்கெல்லாம் அள்ளி விட்டுட்டிருந்தேன். (எல்லாம் ஒரு பந்தாதான் :-))

போன வாரம் ப்ராஜெக்ட் தாமதத்துக்கு நான்தான் காரணம்னு கூட்டாளி ஒருத்தன் பேராசிரியர்கிட்ட போட்டுக் கொடுத்துட்டான். வழக்கம்போல அதே வசனத்தை விட்டேன். பக்கத்துல இருந்த கறுப்பினத் தோழி, "எந்த ஆறுன்னு தெரியுமா?"ன்னு கேட்டுட்டு ஜன்னலைக் காட்டினா. வெளியே ஒஹாயோ ஆறு.

அப்புறம் ரெண்டு ராத்திரி நூலகமே கதி.

1793-ல பஞ்சுல இருந்து விதையைப் பிரிக்கிற ஜின் இயந்திரம் வந்ததும் தெற்கே பருத்தித் தோட்டங்கள் பெருகிச்சு, ஆள் தேவையும் பெருகிச்சு. 1808-ல வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை. விளைவு? உள்நாட்டு வியாபாரம் கொழிச்சுது. வர்ஜீனியா, கென்டக்கி பக்கம் இருந்தவங்களைச் சங்கிலி போட்டு நடத்தியும், ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகள்ல படகேத்தியும் தெற்கே வித்தாங்க. நியூ ஆர்லியன்ஸ்தான் பெரிய சந்தை. 1790-லிருந்து 1860-க்குள்ள இப்படித் தெற்கே போனவங்க சுமார் பத்து லட்சம் பேர். 'ஆத்தோட வித்துடுவேன்'ங்கிறது முதலாளிகளோட மிரட்டல். துரோகம்ங்கிற பொருள் பின்னாடி வந்ததுதான்.

இந்த ஊர்ல நின்னா இன்னும் உறைக்குது. இக்கரை ஒஹாயோவுல அடிமைமுறை கிடையாது, அக்கரை கென்டக்கியில உண்டு. ஆத்தைக் குறுக்கே கடந்தா விடுதலைக்கு ஒரு வழி. ஆத்தோட போனா பருத்திக்காடு. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' (1852) எழுதின ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் 18 வருஷம் இங்கதான் இருந்தாங்க. அந்தக் கதையில டாமும் கென்டக்கியிலிருந்து தெற்கே விற்கப்பட்டவர்தான்.

1865-ல அடிமைமுறை ஒழிஞ்சப்புறமும் பல வருஷம், வித்துட்ட பிள்ளையைத் தேடி அம்மாக்களும், அம்மாவைத் தேடிப் பிள்ளைகளும் பத்திரிகையில விளம்பரம் கொடுத்திருக்காங்க. பேர், வித்தவன் பேர், கடைசியா பார்த்த ஊர். அவ்ளோதான் இருக்கும்.

நட்டாத்துல விட்டவன் கைதான் விட்டான். இங்க காசும் வாங்கியிருக்கான்.

மறுநாள் தோழிகிட்ட மன்னிப்பு கேட்டேன். "சொல்லாதேன்னு சொல்லல, தெரிஞ்சு சொல்லு"ன்னா. ஆனா இப்ப எனக்கு வாயில வரமாட்டேங்குது மக்களே. நீங்க இப்படி ஏதாவது சொல்லிட்டு முழிச்சதுண்டா? பின்னூட்டத்துல சொல்லுங்க.