அம்மைப்பாலும் சாதியும்

திருவிதாங்கூர் மகாராஜா காலத்திலேயே நமக்கு ஆஸ்பத்திரி வந்துவிட்டது, பள்ளிக்கூடம் வந்துவிட்டது, தடுப்பூசியும் வந்துவிட்டது என்று குமரி மாவட்டத்தில் பெருமை பேசாத ஆளில்லை. வந்தது உண்மைதான். யாருக்கு வந்தது என்பதுதான் நம்முடைய கேள்வி.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 வரை திருவிதாங்கூரோடு கிடந்தவை. அங்கே ராணி கௌரி லட்சுமி பாயின் ஆட்சியில், 1813-வாக்கில், அம்மை குத்துதல் தொடங்கியது. சனங்களின் பயம் தெளிய அரச குடும்பத்தாரே முதலில் குத்திக்கொண்டார்களாம்.

அன்றைக்கு மருந்து குப்பியில் வருவதில்லை. குத்தின பிள்ளையின் கையில் எட்டாம் நாள் கொப்புளம் பழுக்கும். அதைக் கீறி, அந்தப் பாலை எடுத்து, அடுத்த பிள்ளைக்குக் குத்த வேண்டும். கையிலிருந்து கைக்கு. தள்ளி நிறுத்திய உடம்பின் நீர் தன் உடம்புக்குள் போய்விடுமே என்று இந்தியா முழுக்க மேல்சாதியார் பதறினார்கள். நோய்க்கு இல்லாத தீட்டு மருந்துக்கு இருந்தது! இன்னொரு சங்கதி. குத்துகிறவன் தொட்டாக வேண்டும். புலையரும் பறையரும் நடக்கக்கூடாத பொதுவழிகள் இருந்த ராச்சியத்தில் எந்த சர்க்கார் ஆள் சேரிக்குள் வந்து கையைப் பிடித்திருப்பான்?

1879-இல் மகாராஜா விளம்பரம் ஒன்று வந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர், பள்ளி மாணவர், சிறைக் கைதிகள் கட்டாயம் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்றது. முற்போக்கான சட்டம் என்று பாடப்புத்தகம் மெச்சும். பட்டியலை நம் கண்ணால் படித்துப் பார்ப்போம். உத்தியோகம் நமக்கில்லை. சர்க்கார் பள்ளிக்கூட வாசலுக்காக அய்யன்காளி அடுத்த நூற்றாண்டில் போராட வேண்டியிருந்தது. மிச்சம் சிறை. அந்தக் கதவு மட்டும்தான் நமக்குத் திறந்து கிடந்தது.

டாக்டர் பல்புவின் கதை இதைவிடக் கேவலம். ஈழவர், நம்மைவிடப் படிநிலையில் மேலே வைக்கப்பட்டவர்தான். சென்னையில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவருக்குச் சாதியைச் சொல்லி வேலை மறுத்தது திருவிதாங்கூர். அவர் மைசூர் அரசில் சேர்ந்தார். பெங்களூரில் அம்மைப்பால் தயாரிக்கும் வேலையைக் கவனித்தார். 1896-இல் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவர் விண்ணப்பத்தை மகாராஜாவுக்குக் கொடுத்தவரும் இவரே.

இதெல்லாம் பழங்கதை என்பார்கள். 2021-ஐ எடுத்துக்கொள்வோம். பதினெட்டு முதல் நாற்பத்துநாலு வயதுவரை உள்ளவர்கள் கோவின் தளத்தில் பதிந்தால்தான் ஊசி என்று மே மாதம் தொடங்கினார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு போனை வைத்து நாலு பேருக்குப் பதிந்து கொடுத்தேன். அதற்குமேல் அந்த எண் ஏற்காது. தளம் அப்போது இங்கிலீஷில்தான் பேசிற்று. ஜூனில் வேறு மொழிகள் வந்தபோதும் முதலில் தமிழைக் காணோம். தமிழக அரசு கேட்ட பிறகு சேர்த்தார்கள். தூய்மைப் பணியாளர் முன்களப் பணியாளராம், அவருக்கு முன்னுரிமையாம். பெயரை உள்ளாட்சிதான் அனுப்ப வேண்டும். காண்டிராக்டரிடம் தினக்கூலிக்கு நிற்கிறவள் பேரு எந்த நோட்டுல இருக்கும்?

செப்டம்பர் 12 முதல் மாநிலமெங்கும் மெகா முகாம்கள் நடந்தன. போனும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம், ஆதாரைக் கொண்டு வா என்றார்கள். அதுக்குப் பொறவுதான் எங்க குடியிருப்புக் கிழவிகள் பலபேர் கையை நீட்டினாவ.