மரணசாசனங்கள் காட்டும் குடும்ப வரலாறு

குடும்பங்களில் பேணப்பெறும் வம்சாவளிகள் பெரும்பாலும் தந்தையினின்று மகனுக்கு இறங்கி வருபவை. பெண்மக்களும், மகப்பேறின்றிக் கைம்மை எய்தியோரும் அவற்றில் இடம்பெறுதல் அரிது. மரணசாசனம் என்று முன்னோர் வழங்கிய உயிலோ, சொத்து யாரைச் சேரவேண்டும் என்பதைப் பெயர் சொல்லிக் குறித்தாக வேண்டும். நகைகள் இன்ன மகளுக்கு, வீட்டின் பின்கட்டு ஆயுள்வரை இன்ன தமக்கைக்கு, திருவிளக்குக் கட்டளை இன்ன ஊர் ஜினாலயத்துக்கு என எழுதும்போது, மறைந்த பெண்களின் பெயர்களோடு குடும்பத்தின் பூர்விக ஊரும் வெளிப்படுவதுண்டு.

1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் சமணரையும் பெயர் குறித்தே தன்னுள் அடக்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட உயில்களும், வெளியூரார் எழுதினும் நகரத்து வீடுமனைகளைப் பற்றியவையும் அச்சட்டத்துக்கு உட்பட்டன. அவற்றின்படி உரிமை கோருவோர் புரொபேட் எனப்படும் மெய்ப்பிப்புச் சான்றினை நீதிமன்றத்தில் பெறும் முறை, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும் தொடர்ந்தது. ஆதலின் வந்தவாசிப் பக்கத்து உழவர் ஒருவர் சென்னையில் ஒரு வீடு வாங்கியிருந்தாலும், அவர் குடும்பத்தின் செய்தி உயர்நீதிமன்றக் கட்டுகளில் கிடைக்கக்கூடும்.

அக்கட்டில் உயில் மட்டும் இருப்பதில்லை. மனுவில் இறந்த காலமும் சொத்தின் மதிப்பும் காணப்படும். சான்று பெற்ற 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் கணக்கையும் நிறைவேற்றுநர் அளித்தல் வேண்டும். தமிழ் உயிலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டிருப்பின், அதனை மட்டும் நம்புதல் தகாது. ‘மருமகன்’ என்னும் சொல் மகளின் கணவனையும் குறிக்கும், உடன்பிறந்தாளின் மகனையும் குறிக்கும். நம் மணமுறையில் இருவரும் ஒருவரேயாக இருத்தலும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தபோதே மற்றோர் உறவு மறைந்திருக்கும்.

சிற்றூர்க் குடும்பங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகமே துணை. உயில்களும், தத்தெடுக்க அளித்த அதிகாரப் பத்திரங்களும் அங்கே 3ஆம் புத்தகத்தில் பதியப்படுகின்றன. எழுதியவர் மறைந்தபின் எவரும் விண்ணப்பித்து நகல் பெறலாம். உயிலுக்குப் பதிவு கட்டாயமன்று, எனவே தேடுவோர்க்கு எல்லாம் கிட்டிவிடாது. அதிகாரப் பத்திரம் இல்லாமையால் தத்தே நிகழவில்லை என்று துணிதலும் கூடாது. மகனற்ற சமணக் கைம்பெண் கணவன் அனுமதியின்றியே தத்தெடுக்கலாம் என்னும் வழக்காற்றினை, வடநாட்டு அகர்வால் சமணர் வழக்கொன்றில் 1878இல் பிரிவி கவுன்சில் ஏற்றுள்ளது.

உயிலில் பெயரில்லாத மகனை ஒதுக்கப்பட்டவனாகக் கருதுவதும் பிழை. மிதாட்சர முறைப்படி, கூட்டுக்குடும்பச் சொத்தில் தம் பங்கினை உயிலெழுதும் உரிமை 1956 வரை ஒருவர்க்கு இல்லை; சுயார்ஜிதத்தையே எழுத இயலும். பூர்விக நிலம் மகனுக்குப் பிறப்புரிமையாகவே சென்றிருக்கும். மகளுக்கு அக்காலத்தில் அவ்வுரிமை இருந்ததில்லை. அவளுக்கென்று எண்ணியதைத் தந்தை உயிலிலோ தானப் பத்திரத்திலோ பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது.