கூம்பின் அடி

நிபோங் திபாலைத் தழுவிச் செல்லும் கிரியான் ஆற்றில் இன்று மீன்பிடி படகுகள் இயந்திரத்தால் ஓடுகின்றன. பாய்மரத்திற்கு அங்கு வேலையில்லை. ஆயினும், புறநானூற்றின் 30ஆம் பாட்டை நடத்தும் வேளையில் மாணாக்கர் ஒருவர், “பாய்மரம் கப்பலில் எவ்வாறு நிற்கிறது?” என்று வினவினால், நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்?

சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய பாட்டு அது. கூம்பையும் பாயையும் களையாமல், சரக்கையும் குறைக்காமல் ஆற்றுமுகத்துள் புகும் பெருங்கலம் ஒன்று அதில் வருகிறது. கூம்பு என்பது பாய்மரம். ஆற்றுமுகத்தின் ஆழத்தை இது புலப்படுத்துகிறது என்று கூறி நாம் மேலே சென்றுவிடுகிறோம். சற்று நின்று எண்ணினால் வேறொன்றும் தோன்றும். களையாமல் வந்தது சிறப்பென்றால், களைந்து வருவதும் அக்காலத்து வழக்கமாக இருந்திருத்தல் வேண்டும். அங்ஙனமாயின், கூம்பு மேல்தளத்தோடு சேர்த்து அறையப்பட்டதன்று; எடுத்து மீண்டும் நாட்டத்தக்கது எனக் கொள்வதே பொருந்தும்.

மரக்கலத் தச்சு முறையும் இதற்கு இசைவானதே. பாய்மரத்தின் சுமையைத் தாங்குவது மேல்தளம் அன்று. கப்பலின் முதுகெலும்பான அடிமரமே. தளத்துத் துளையின் வழியே இறங்கும் பாய்மரம், அடிமரத்தின்மேல் பொருத்திய கனத்த கட்டையின் குழியில் அமரும். துளையைச் சுற்றி ஆப்பு அடித்து இறுக்குவர். இருபுறமும் கயிறுகள் இழுத்துப் பிடிக்கும். சாதவாகனர் வெளியிட்ட கப்பற் காசுகளில் இரு பாய்மரங்களையும் கயிறுகளையும் இன்றும் காணலாம். பிற்காலத்தில் துளையைச் சுற்றி இரும்புத் தகடு பதிக்கும் வழக்கம் வந்தது. அத்தகட்டைத் தளப்பலகையில் மட்டும் ஆணியடித்து நிறுத்துவது பெரும்பிழை. காற்று வலுக்கும்போது கயிறு தகட்டை மேல்நோக்கி இழுக்கும், பலகை எழும்பும், இடுக்கில் நீர் இறங்கி மரம் உளுத்துப்போகும். ஆகவே, பலகையையும் அதன் கீழுள்ள குறுக்கு உத்திரத்தையும் துளைத்துத் திருகாணி முடுக்கி, தகட்டின் அடியில் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பசையைப் பூசுதல் வேண்டும். அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியில் மட்டும் பென்சிலைச் செருகினால் அது ஆடும். அடிப்பலகையிலும் குழியிட்டு ஊன்றினால் நிற்கும். வகுப்பில் இதனைச் செய்து காட்டலாம்.

இக்கைத்திறன் பெரும்பாலும் கைவழியாகவே வந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் வாங்கினார். தமிழ் மாலுமிகள் பணியாற்ற, சூயஸ் கால்வாயைக் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து, 1938இல் அது மாசசூசெட்சின் குளொஸ்டர் துறையை அடைந்தது.