மூணு ஈயக் குண்டும் தொலைஞ்சு போன மூணு படையும்

ஆன்சைட்ல ஜெர்மனிக்குப் போனவன் வார இறுதியில் என்ன பண்ணுவான்? பாரிஸ் போய் ஈஃபில் கோபுரத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுப்பான். இல்லைன்னா ரூம்ல படுத்துத் தூங்குவான். நான் ரெண்டும் இல்லாம கால்க்ரீஸ போனேன். கூட ஆணி பிடுங்குற ஜெர்மன்காரர்கிட்ட சொன்னப்ப அவரே முழிச்சார். "அங்க வயல்தானே இருக்கு?" என்றார்.

வயல்தான். ஒஸ்னாப்ரூக் நகரத்துக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் போல. ஒரு பக்கம் காட்டுக் குன்று, இன்னொரு பக்கம் பெரிய சதுப்பு நிலம், நடுவுல ஒடுக்கமா ஒரு வழி. அந்த வயலைத்தான் நானூறு ஐநூறு வருஷமா ஆளாளுக்குத் தேடிக்கிட்டு இருந்தாங்க. கடைசியில் கண்டுபிடிச்சவர் பேராசிரியர் இல்லை. லீவு நாள்ல மெட்டல் டிடெக்டர் தூக்கிட்டு அலைஞ்ச ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி.

சரி, முதல்ல என்ன தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடறேன்.

கி.பி. 9. ரோமில் அகஸ்டஸ் ஆட்சி. ரைன் நதிக்குக் கிழக்கே இருக்கும் ஜெர்மானிய நாட்டையும் ஒரு மாகாணமாக்கிடலாம்னு முயற்சி நடந்துக்கிட்டு இருந்த காலம். அங்கே ஆளுநர், குவிண்டிலியஸ் வாரஸ். கோடை முடிஞ்சு, 17, 18, 19 என்ற மூன்று லெஜியன்களோட குளிர்கால முகாமுக்குத் திரும்பிக்கிட்டு இருந்தார். கூடவே ஒரு ஜெர்மானிய இளவரசன், பேர் அர்மினியஸ். ரோமப் படையில் வேலை பார்த்து, ரோமக் குடியுரிமையும் வாங்கினவன். வாரஸோட மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுற அளவுக்கு நெருக்கம். "அவனை நம்பாதீங்க"ன்னு செகெஸ்டஸ் என்கிற இன்னொரு ஜெர்மானியத் தலைவர் எச்சரிச்சும் வாரஸ் கேட்கலை. வழியில் ஒரு கலகம்னு சொல்லி, பழக்கமில்லாத பாதையில் படையைத் திருப்ப வெச்சான் அர்மினியஸ். மழை, சேறு, காடு. வரிசையா நிக்கவே முடியாத இடத்துல ரோமப் படை சிக்கிக்கிச்சு. சில நாள் சண்டையில் பதினைந்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் பேர் வரை போயிட்டாங்கன்னு கணக்கு. வாரஸ் தன் வாள் மேலேயே விழுந்து செத்தார்.

சேதி கேட்ட அகஸ்டஸ் மாசக்கணக்கில் முடி வெட்டிக்காம, கதவுல தலையை முட்டிக்கிட்டு, என் படைகளைத் திருப்பிக் கொடுன்னு வாரஸ் பேரைச் சொல்லிப் புலம்பினதா சூட்டோனியஸ் எழுதியிருக்கார். அந்த மூணு நம்பரையும் அதுக்கப்புறம் ரோம் எந்தப் படைக்கும் வைக்கவே இல்லை.

இவ்வளவு பெரிய சம்பவம். நடந்த இடம் எங்கே? டாசிட்டஸ் என்ற வரலாற்றாசிரியர் 'டியூட்டோபர்க்' காட்டுப்பகுதின்னு ஒரு பேர் மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். அவர் புத்தகம் மறுபடி கைக்குக் கிடைச்சப்ப அப்படி ஒரு பேர்ல காடே கிடையாது. அதனால 17-ம் நூற்றாண்டில், ஆஸ்னிங் என்று இருந்த மலைத்தொடருக்கு டியூட்டோபர்க் காடுன்னு பேர் வெச்சுட்டாங்க! விடை தெரியலைன்னா கேள்வியை மாத்துறது நம்ம புராஜெக்ட் மேனேஜர்கள் மட்டும் பண்ற வேலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் :-) அந்த மலையில், டெட்மோல்ட் பக்கத்துல, 1875-ல் அர்மினியஸுக்கு ஐம்பது மீட்டருக்கு மேல உயரமா ஒரு சிலையும் திறந்தாச்சு. ஊர் ஊருக்கு "எங்க ஊர்லதான் நடந்தது"ன்னு கோஷ்டி வேற. மொத்தம் எழுநூறு கருத்து இருந்ததா சொல்றாங்க.

இப்பதான் கதையில் எனக்குப் பிடிச்ச ஆள் வர்றார். தியோடர் மாம்சன். ரோம வரலாற்றில் பெரும்புள்ளி, 1902-ல் இலக்கியத்துக்கு நோபல் வாங்கினவர். கால்க்ரீஸ பக்கத்துல பாரெனாவ் என்ற பண்ணை. அந்தக் குடும்பத்துக்காரங்க, சுத்துவட்டாரத்துல குடியானவங்க நிலத்தை வெட்டும்போது கிடைச்ச ரோமக் காசுகளைத் தலைமுறை தலைமுறையா சேர்த்து வெச்சிருந்தாங்க. மாம்சன் அதை ஒரு நாணயவியல் ஆளை விட்டுப் பட்டியல் போடச் சொன்னார். எல்லாம் அகஸ்டஸ் காலத்தோட நின்னுடுது. 1885-ல் மாம்சன் எழுதினார்: வாரஸ் தோத்த இடம் இதுதான்.

யாரும் ஒத்துக்கலை. காரணம் வெறும் ஊர்ப்பெருமை மட்டும் இல்லை, எதிர்த்தவங்க கேட்ட கேள்வி நியாயமானதுதான். கிடைச்சது எல்லாமே தங்கம், வெள்ளி. அது வியாபாரியோட பணமா இருக்கலாம். ஓடி வந்தவன் புதைச்சதா இருக்கலாம். சாதாரண சிப்பாய் மடியில் இருக்கிற செப்புக் காசு எங்கே? ஆயுதம் எங்கே? மாம்சன்கிட்ட பதில் இல்லை. 1903-ல் இறந்து போனார். அவர் சொன்ன இடம் சும்மா கிடந்தது.

நூறு வருஷம் தாண்டி, 1987. டோனி கிளன், பிரிட்டிஷ் டாங்கிப் படை அதிகாரி. ஒஸ்னாப்ரூக் முகாமுக்கு மாற்றலாகி வர்றார். பொழுதுபோக்கு, மெட்டல் டிடெக்டர். இவர் பண்ணின முதல் உருப்படியான காரியம் என்னன்னா, கருவியைத் தூக்கிட்டு நேரா வயலுக்குப் போகலை. அந்த மாவட்டத் தொல்லியல் அதிகாரி வூல்ஃப்காங் ஷ்லூட்டரைப் போய்ப் பார்த்து அனுமதி கேட்டார். பொதுவா டிடெக்டர் ஆசாமின்னாலே தொல்லியல்காரங்களுக்கு ஆகாது, திருட்டுப்பயன்னுதான் நினைப்பாங்க. ஷ்லூட்டர் விரட்டி விடாம, கால்க்ரீஸ பக்கம் பாருங்கன்னு கை காட்டினார்.

டிடெக்டரைப் பத்தி ஒரு சின்ன இடைச்செருகல். காலேஜ்ல படிச்சதில் உபயோகப்படுற ஒரே இடம் இதுதான். தட்டு மாதிரி இருக்கிற காயிலில் மாறுமின்சாரம் ஓடும். அதோட காந்தப்புலம் மண்ணுக்குள்ள இருக்கிற உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலம் உண்டாக்க, கருவி அதைப் பிடிச்சு 'கீய்ங்'னு கத்தும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். வெள்ளிக் காசா, சிகரெட் டப்பா தகடான்னு நிச்சயமா சொல்லாது. குனிஞ்சு தோண்டித்தான் பார்க்கணும். ரெண்டு உலகப்போர் பார்த்த நாட்டு மண்ணு வேற, எவ்வளவு குப்பை கத்தியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கிளன் பழைய வரைபடங்களை வெச்சு, விவசாயிகள்கிட்ட பேசி, நடந்து நடந்து தேடினார். வெள்ளி டெனாரியஸ் ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிச்சு நூத்துக்கு மேல போச்சு. புதையல்தான். நானா இருந்தா அன்னிக்கே ஊரைக் கூட்டியிருப்பேன். ஆனா யோசிச்சா, இது மாம்சன்கிட்ட இருந்த அதே சாட்சிதானே? மறுபடியும் வெள்ளி. மறுபடியும் அகஸ்டஸ். எதிர்க்கட்சி கேட்ட கேள்வி அப்படியே நிக்குது.

1988-ல் கிளன் மூணு ஈயத் துண்டு கொண்டு வந்தார். கொட்டைப்பாக்கை நீட்டி இழுத்த மாதிரி, ரெண்டு முனையும் கூம்பி இருக்கும். எடைக்குப் போட்டா டீச்செலவுக்குக்கூட ஆகாது. கவண்கல் தெரியுமில்லையா, காட்டுல குருவி விரட்ட வீசுவாங்களே, அது மாதிரி ரோமப்படை கவணில் வெச்சு வீசுற ஈயக் குண்டு. வியாபாரி ஈயக் குண்டு சுமக்க மாட்டான். அப்படின்னா அங்கே இருந்தது படை. நூறு வருஷமா தங்கத்தாலயும் வெள்ளியாலயும் நிரூபிக்க முடியாததை மூணு ஈயக் குண்டு நிரூபிச்சிடுச்சு.

1989-ல் முறையான அகழாய்வு ஆரம்பம். மளமளன்னு வந்தது. குதிரைப்படை வீரனோட இரும்பு முகமூடி ஒண்ணு. மேலே போர்த்தியிருந்த வெள்ளித் தகட்டை மட்டும் ஜெயிச்சவன் உரிச்சு எடுத்துட்டு இரும்பை வீசிட்டுப் போயிருக்கான். அன்னிக்குக் காணோம்னு சொன்ன செப்புக் காசுகளும் கிடைச்சது. சிலதில் வாரஸ் பேரோட முதல் மூணு எழுத்தை முத்திரையா அடிச்சிருக்கு. சிப்பாய்களுக்கு அவர் காலத்தில் கொடுத்த காசு!

எட்டுக் குழிகளில் எலும்புகள். மனுஷ எலும்பும் கோவேறு கழுதை எலும்பும் கலந்து, பல வருஷம் வெட்டவெளியில் கிடந்த பிறகு புதைச்சது. ஆறு வருஷம் கழிச்சு, கி.பி. 15-ல், ஜெர்மானிகஸ் படையோட வந்து எலும்புகளை அடக்கம் பண்ணினதா டாசிட்டஸ் எழுதினதோட பொருந்திப்போகுது. செத்துக் கிடந்த ஒரு கோவேறு கழுதையோட கழுத்து மணிக்குள்ள செடி, தழையைத் திணிச்சிருந்தாங்க. சத்தம் வெளியே கேட்கக்கூடாதுன்னு எவனோ ஒரு வண்டிக்காரன் கடைசி நேரத்துல அடைச்சது. மியூசியத்தில் முகமூடி முன்னாடிதான் கூட்டம். நான் இந்த மணி விஷயத்திலேயே நின்னுட்டேன்.

இதெல்லாம் மண்ணுக்குள்ள பத்திரமா இருந்ததுக்கும் ஒரு காரணம் இருக்கு. இடைக்காலத்து விவசாயிகள் புல்தரையைக் கட்டி கட்டியா பெயர்த்து மாட்டுக்கொட்டில்ல பரப்பி, சாணியோட சேர்த்து வயலில் கொட்டுவாங்க. வருஷா வருஷம் கொட்டினதுல நிலமே மேடாகி, கலப்பை கீழே எட்டலை.

முடிஞ்சதான்னு கேட்டா, முழுசா இல்லை. இது வாரஸ் படை இல்லை, கி.பி. 15-ல் வந்த ஜெர்மானிகஸ் படைதான்னு வாதாடுறவங்க உண்டு. அங்கே இருக்கும் மண்சுவர் ஜெர்மானியர் பதுங்கினதா, ரோமர் கடைசியா போட்ட முகாமோடதான்னும் சண்டை. 2016-ல் எட்டுத் தங்கக் காசு கிடைச்சது. 2018-ல் ஒரு ரோம வீரனோட தகட்டுக் கவசம். இந்த வகையில் இதுவரை தெரிஞ்சதிலேயே பழசு, முழுசுக்கு ரொம்பக் கிட்ட. கூடவே கழுத்தையும் கையையும் சேர்த்துப் பூட்டுற இரும்பு விலங்கு. உயிரோட பிடிபட்டவனா இருக்கணும். 2022-ல் வந்த ஆய்வுதான் சூப்பர். ஒவ்வொரு படையோட கொல்லனும் பழைய உலோகத்தை உருக்கி உருக்கிச் சேர்க்கிறதால அதுக்குன்னு ஒரு கலவை, கிட்டத்தட்ட கைரேகை மாதிரி. கால்க்ரீஸ உலோகம், 19-ம் லெஜியன் முன்னாடி தங்கியிருந்த டாங்ஸ்டெட்டன் முகாம் உலோகத்தோட ஒத்துப்போகுதாம். ஜெர்மானிகஸ் வந்தப்ப 19-ம் லெஜியனே கிடையாதே! என் ஓட்டு வாரஸுக்குத்தான்.

இப்ப நான் ஏன் அங்கே போனேன்னு சொல்லணும். அந்தக் காசுகளில் ஒரு வகை இருக்கு. ஒரு பக்கம் அகஸ்டஸ் தலை. இன்னொரு பக்கம் அவர் தத்தெடுத்த பேரன்கள் கேயஸ், லூசியஸ் ரெண்டு பேரும் கேடயமும் ஈட்டியுமா நிப்பாங்க. இன்னிக்கு பிரான்சில் இருக்கிற லியோன் நகரத்தில் அடிச்சது. கிளன் தேடின வயலிலும் அதுதான் கடைசிக் காசு. இங்கே நம்ம கொங்குப் பக்கம் கிடைக்கிற அகஸ்டஸ் வெள்ளிக் காசுகளில் அதிகம் வர்றதும் அதேதான். மிளகுக்கும் முத்துக்கும் வந்த காசு.

எங்க அமுச்சி கரூர்ப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமான புதுசுல கிணறு வெட்டினப்ப ஒரு சின்னச் சட்டி உடைஞ்சு பத்துப் பதினஞ்சு வெள்ளிக்காசு வந்ததாம். "ரெண்டு பசங்க வேலைப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க கண்ணு, ஒரே மாதிரி"ன்னு சின்ன வயசுல எனக்குச் சொல்லியிருக்கு. முருகர் காசுன்னு நினைச்சிருக்காங்க. புதையல்னு வெளியே தெரிஞ்சா சர்க்கார் வந்துடும்னு பயந்து, ஆசாரிகிட்ட கொடுத்து உருக்கிக் கொலுசு அடிச்சாச்சு. 1878-ல் போட்ட புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டர்கிட்ட சொல்லணும். யார் போய்ச் சொல்வாங்க? சொன்னா மாலையா போடப்போறாங்க?

மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி அந்த ரெண்டு பசங்களைப் பார்த்ததும் மாமாவுக்குப் போன் போட்டேன். அமுச்சி இப்ப இல்லை. கொலுசைச் சித்தி கல்யாணத்தப்பவே கடையில மாத்தி வாங்கிட்டாங்களாம். "எந்தக் கிணறு மாமா?"ன்னு கேட்டேன்.

"ரெண்டு இருந்துச்சு மாப்ளே. ஒண்ணைத் தூர்த்துட்டோம். எதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.